மாப்பிள்ளை காய்ச்சிய பியர்

மூக்கருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பியர் ஆலையின் சுவை பார்க்கும் அறையில் சேர்ந்த புதிதில், குழாய்த் தண்ணீரில் என்னவோ மாறியிருக்கிறது என்று அவர் சொல்லப்போய், அது மெய்தான் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். பார்வைக்கு அந்த மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சற்றே சப்பையான, சாதாரண மூக்கு.

ஆலையில் அவர் முகதாட்சண்யம் பார்த்தவர் இல்லை. கண்ணாடித் தம்ளரை ஒரு சுழற்று சுழற்றி முகர்ந்து, ஒரு மடக்குக் குடித்து, "ஈர அட்டைப்பெட்டியைக் கடிச்ச மாதிரி இருக்கு, கீழ ஊத்துங்க" என்பார். காய்ச்சியவர் எதிரிலேயே நிற்பார். மேலாளரே நின்றாலும் அதே பேச்சுதான். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிப்போனதால் யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. திட்டு வாங்கியவர்களே மறுநாள் அடுத்த தம்ளரை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வீட்டில் கதை வேறு. குறிப்பாக மாப்பிள்ளை விஷயத்தில்.

ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவரைப் பிடித்துப்போய் வீட்டில் வந்து சொன்னாள். மூக்கர் மறுக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காமல், "ஏறவும் இறங்கவும் ஒரு உத்தியோகமா?" என்று ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசிவிட்டார். அது யார் வழியாகவோ மாப்பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விடவில்லை. அதுதான் மூக்கரை வாட்டியது. ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார். அந்த மனிதரோ "வாங்க மாமா, உட்காருங்க மாமா" என்று அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் மூக்கர் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விட்டார்.

இப்படி இருக்கையில் மாப்பிள்ளைக்கு ஈரலில் கோளாறு வந்தது. பெரிய குடிகாரர் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பாட்டில் பியர், அவ்வளவுதான். அதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நண்பர்கள் நடுவில் ஆரஞ்சுச் சாறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பெரியவர்கள் பேச்சில் இடம்பிடித்த குழந்தை மாதிரி இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். கடையில் விற்கும் ஆல்கஹால் இல்லாத பியரை வாங்கிக் குடித்துப் பார்த்து, பிடிக்காமல், தானே காய்ச்சுவதென்று இறங்கிவிட்டார். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பெரிய எஃகுப் பாத்திரம் வாங்கிப் போட்டு, லிஃப்ட் கம்பெனியில் நீண்ட விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். செய்வது பொன்னிறத்தில் தெளிவாக, லேசாக இருக்கிற வகை. தொழிலில் அதை ப்ளாண்ட் என்பார்கள்.

முதல் பாட்டில் மாமனாருக்குத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளை தானே தம்ளரைத் துடைத்து, சாய்த்துப் பிடித்து ஊற்றினார். நுரை நன்றாக எழும்பி நின்றது. நிறம் வெயில் பட்ட வைக்கோல் போல இருந்தது. மூக்கர் தம்ளரை முகத்தருகே கொண்டுபோனார்.

சோளம். வேகவைத்த சோளத்தை இறக்கி மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு வாசனை, அது அப்படியே அடித்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியில், அதாவது மால்ட்டில், பிறக்கிற குற்றம் அது. ஆல்கஹால் இருக்கிற பியரில் அது கொஞ்சம் அமுங்கிக் கிடக்கும். இதில் அமுக்க ஒன்றுமில்லை. உள்ளதெல்லாம் வெளியே தெரியும்.

அவர் ஒரு மடக்குக் குடித்தார். வாயில் கனம் இருந்தது. தண்ணீராக ஓடவில்லை. கசப்பும் அளவோடு வந்து அளவோடு போனது. அந்த வாசனை ஒன்றுதான். தலையை நிமிர்த்தினார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மகள், அப்பாவின் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றார் மூக்கர்.

"நிஜமாவா மாமா? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்னா திருத்திக்கலாம்."

"குறையா? முதல் தடவைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர்கள் போனபின் மனைவி தம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "என்னங்க, எனக்கு மட்டும்தான் சோளம் அவிச்ச தண்ணி மாதிரி இருந்துச்சா?"

"உனக்கு ஏன் இந்த வம்பு?"

"ஆபீஸ்ல இப்படி ஒண்ணு வந்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பீங்க."

"ஆபீஸ்ல எனக்கு மாப்பிள்ளை யாரும் இல்ல," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த முறையும் அதே பாட்டில், அதே வாசனை, அதே "நல்லா இருக்கு". ஒரு தரம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை அடுத்த தரம் எப்படி மாற்றுவது? நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போகும். ஒரு தடவை சுற்றி வளைத்து, "கொதிக்க வைக்கிறதுல கவனமா இருக்கீங்கல்ல?" என்று கேட்டும் பார்த்தார். "ரொம்பக் கவனமா இருக்கேன் மாமா," என்றார் மாப்பிள்ளை, பூரித்துப்போய். அதற்கு மேல் என்ன கேட்பது?

மழை ஓய்ந்த சமயத்தில் பியர் தயாரிப்பாளர் சங்கத்தின் போட்டி வந்தது. வருஷா வருஷம் நடுவராகப் போகிறவர்தான் மூக்கர். கருநிற பியர் மேசைதான் அவருக்கு எப்போதும். இந்தத் தடவை ஆல்கஹால் இல்லாத ப்ளாண்ட் மேசையில் ஒருவருக்குச் சளி பிடித்துவிட்டது. மூக்கடைத்துக்கொண்டு நடுவர் வேலை பார்க்க முடியுமா? காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே தலைமை நடுவர் இவரை அங்கே மாற்றிவிட்டார்.

"அங்க உட்கார்ந்தா நாள் முழுக்கக் குடிச்சாலும் போதை ஏறாது, பாத்ரூமுக்குத்தான் நடக்கணும்," என்றார் தலைமை நடுவர். மூக்கரும் சிரித்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியாது. ஜெயித்த பிறகு மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மகளுக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார் அந்த மனிதர்.

மேசையில் இவரோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். மற்றவர் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாள். ஈஸ்ட் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. வெள்ளைத் துணி, தண்ணீர்க் கூஜா, உப்பில்லாத ரொட்டித் துண்டுகள். பாட்டில்கள் உள்ளறையில் இருக்கும். தம்ளரில் ஊற்றி, எண் மட்டும் ஒட்டி, கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நிறம் பார்க்க வேண்டும். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு முகர்ந்து, குடித்து, மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

முதலில் வந்தவை சுமார். ஒன்று தேன் கலந்த தண்ணீர் போலத் தித்தித்தது. இன்னொன்றில் பார்லிச் சாற்றின் பச்சை வாசனை. "காலைக் கஞ்சியை ஆற வெச்சுக் குடுத்துட்டாங்க," என்றார் ரொட்டிக்கடை அம்மாள். மூக்கரும் தன் பழைய குணத்துக்கு வந்துவிட்டார். எதிரே யாரும் இல்லை, யாருடைய முகமும் வாட வேண்டியதில்லை. மனத்தில் பட்டதைச் சொல்வதில் இருக்கிற சுகமே தனி.

பிறகு ஒரு தம்ளர் வந்தது. நல்ல நுரை, நல்ல நிறம். மூக்கர் அதை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே வந்தது யார் என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்படித் தெரிந்துவிட்டது. அதே சோளம், அதே அளவு, அதற்கு அடியில் அதே அடக்கமான கசப்பு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை குடித்திருக்கிறார். குடிக்காமலே தெரிந்தது. இருந்தும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார், வேறு யாருடையதாகவாவது இருக்காதா என்று. இல்லை.

வாத்தியார் எழுத ஆரம்பித்திருந்தார். மூக்கர் பேனாவை எடுத்தார், வைத்தார். உண்மையை எழுதினால் பெற்ற மகளின் புருஷனுக்கு அவர் கையாலேயே குழி. நல்லதாக எழுதினால் மற்ற இருவரும் இவர் மூக்குக்கு என்ன கேடு வந்தது என்று பார்ப்பார்கள். அது மட்டுமல்ல, இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம் அது. அடையாளம் தெரிந்தால் எழுந்துவிட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாருதுன்னு எனக்குத் தெரியும். நான் இதுக்கு மார்க் போடக் கூடாது," என்றார் எழுந்து.

தலைமை நடுவர் தலையாட்டினார். "தள்ளி நில்லுங்க. அவங்க ரெண்டு பேரும் முடிக்கட்டும்."

தண்ணீர் வைத்திருந்த மூலையில் போய் நின்றார். நின்ற இடத்துக்கு அவர்கள் பேச்சு நன்றாகவே கேட்டது.

"சோளம்," என்றார் அம்மாள்.

"லேசா இல்ல, நல்லாவே. இது கொதிக்கும்போதே போயிருக்க வேண்டிய வாசனை," என்றார் வாத்தியார். "அடிப்படையே தெரியாத ஆள் போல."

அடிப்படை தெரியாதவர் இல்லை என்று சொல்ல மூக்கருக்கு வாய் துடித்தது. நுரையைப் பாருங்கள், அந்தக் கனத்தைப் பாருங்கள், ஆல்கஹால் இல்லாமல் இந்தக் கனம் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையா, சுட்டிக்காட்ட ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் குறை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. விலகி நின்றவன் பேசக் கூடாது. தண்ணீரை ஊற்றிக் குடித்தார். ஊற்றிக்கொண்டே இருந்ததில் மேசைத்துணி நனைந்துவிட்டது.

முடிவும் நடுவர்களின் கருத்தும் போட்டியாளர்களின் ஃபோனுக்கே போய்விடும். அடுத்த ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பாட்டில் வரவில்லை. சாப்பிட்டு முடித்தார்கள். மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனதும் மாப்பிள்ளை, "மாமா, உங்ககிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்து, போட்டிக்கு அனுப்பியதையும் கடைசி வரிசையில் வந்ததையும் சொன்னார். "சோள வாசனைன்னு போட்டிருக்காங்க. அடிப்படையே சரியில்லையாம். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இத்தனை தடவை குடிச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்? உங்களை மாதிரி ஒருத்தர் அந்த மேசையில இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

அந்த முகத்தில் இன்னமும் நம்பிக்கை இருந்தது. மூக்கரால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எப்படியாவது அந்தத் தீர்ப்பில் தனக்குப் பங்கில்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில், "நான் அந்த மேசையிலதான் இருந்தேன் மாப்பிள்ளை. ஆனா உங்களுதுன்னு தெரிஞ்சதும் எழுந்துட்டேன். ஒரு மார்க்கூட நான் போடல," என்றார்.

"நீங்களா? அங்கயா?" என்றார் மாப்பிள்ளை. "பேர் எதுவும் இருக்காதே மாமா. வெறும் நம்பர்தானே? என்னோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

மூக்கர் வாயைத் திறந்தார். "நிறத்தை வெச்சு..."

"ப்ளாண்ட் எல்லாத்துக்கும் ஒரே நிறம்தான்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வர வர அல்ல, வராமல் இருக்க இருக்க அவருக்குப் புரிந்தது. அது அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறுவதை மூக்கர் பார்த்தார்.

"சரிங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. எழுந்து கை கழுவினார். அத்தையிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னார். கிளம்பும்போது வழக்கம்போல, "போயிட்டு வரோம் மாமா," என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகக் கூடாதா என்றிருந்தது மூக்கருக்கு.

அதற்குப் பிறகு அவர்கள் வந்தார்கள், போனார்கள். பியர் பேச்சு மட்டும் எழவே இல்லை. மூக்கர் ஒரு தடவை, "ஷெட்டுப் பக்கம் ஒரு நாள் வரட்டுமா? நீங்க காய்ச்சும்போது கூட நிக்கிறேன்," என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்? வெயில் வேற," என்று பதில் வந்தது. அதைத் தாண்டி உள்ளே போக வழி ஏது? மரியாதையைப் போலக் கெட்டியான கதவு இல்லை. அதை மாப்பிள்ளைக்குப் பழக்கியவரும் மூக்கர்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஆலைக்கே மகள் ஃபோன் பண்ணினாள்.

"அப்பா, அவர் பாத்திரத்தை எல்லாம் குடுக்கப் போறார். லிஃப்ட் கம்பெனிக்குத் திரும்பப் போறதாச் சொல்லிட்டார். ஜாம் பண்றவங்க யாரோ எடுத்துக்கிறாங்க. நீங்க ஒரு தடவை வந்து பேசுங்களேன்."

"நான் சொன்னா கேட்பாராம்மா?"

"தெரியலப்பா. ஆனா எனக்கு வேற யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. எனக்கும் அந்த வாசனை தெரியும்பா. தினமும் குடிச்சவ நான். நீங்களே நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களா, எனக்குத்தான் ஏதோ தப்பாப் படுதுன்னு விட்டுட்டேன்."

மூக்கர் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருந்தது ஷெட். மாப்பிள்ளை முட்டி வரை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு ஓடிவந்து ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். மூக்கர் உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தார். எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. குழாய்களின் இணைப்பெல்லாம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கை வேலை. ஆலையில்கூட இவ்வளவு நேர்த்தி கிடையாது. பெரிய பாத்திரம் நடுவில் நின்றது. அதன்மேல் கனமான மூடி, சுற்றிலும் திருகு போட்டு இறுக்கியிருந்தது.

"கொதிக்கும்போதும் இது மூடியேதான் இருக்குமா?"

"ஆமா மாமா. சூடு வீணாகாதுல்ல. தூசியும் விழாது."

மூக்கர் மூடியின்மேல் கையை வைத்தார். "வெளிர் மால்ட்ல அந்த வாசனை இயல்பாவே உண்டு மாப்பிள்ளை. கொதிக்கும்போது ஆவியோட போயிடும். மூடி வெச்சா ஆவி மேல பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டும். திறந்து வெச்சு நல்லாத் தளதளன்னு கொதிக்க விடணும்."

மாப்பிள்ளை மூடியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"முதல் பாட்டில்லயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

மாப்பிள்ளை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க கம்பெனியில யாரா இருந்தாலும் விடமாட்டீங்கன்னு உங்க பொண்ணு சொல்லுவா. கீழ ஊத்துன்னு கத்துவீங்களாமே. நானும் அப்படி ஒரு நாள் நீங்க கத்துவீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து குடுத்தேன். நீங்க கத்தியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன் மாமா."

மூக்கர் மூடியிலிருந்து கையை எடுத்தார். "குடுக்க வேண்டாம் மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை காய்ச்சிப் பார்ப்போம். நான் கூடவே இருக்கேன். மத்ததெல்லாம் அவ்வளவு நல்லா வந்திருக்கு. நுரை, கனம், கசப்பு, எல்லாம்."

சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அவர் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்கு இந்த ஷெட்டுக்குள் மதிப்பு இல்லை. அத்தனையும் உண்மை, அதை உண்மை என்று காட்ட ஒரு வழியும் இல்லை.

"வாக்குக் குடுத்துட்டேன் மாமா. வண்டி வந்துட்டிருக்கு," என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. இல்லாத ஒரு பொருளைக் கேட்டவரிடம் கடைக்காரர் சொல்வது போலச் சொன்னார்.

வண்டி வந்தது. ஜாம் செய்கிறவர் ஓட்டுநரோடு தானும் வந்திருந்தார். நல்ல தடிமனான பாத்திரம், அடி பிடிக்காது என்று தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஓட்டுநருக்கு இடுப்பு வலி. தூக்க ஆள் போதவில்லை. மூக்கர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். "நீங்க விடுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. அவர் விடவில்லை. மூவருமாக அதைத் தரையில் இழுத்து, பலகையில் ஏற்றி, வண்டிக்குள் தள்ளினார்கள். கயிறு கட்டும்போது மாப்பிள்ளை முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். வண்டி மரக்கடை முனையில் திரும்பும் வரை இருவரும் நின்றார்கள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மாப்பிள்ளை கூடவே வந்தார். வேண்டாம் என்று மூக்கர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அத்தையின் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரியில் நான்கு லிஃப்ட் போடுகிறார்களாம், திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் வேலை என்றார். மூக்கர் நல்லது என்றார். வேறு எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் போல இருந்தது.

பஸ் வந்தது. மாப்பிள்ளை முதலில் ஏறி, ஜன்னலோரம் ஒரு இடம் பார்த்து அவரை உட்கார வைத்தார். இறங்கும்போது கண்டக்டரிடம், "பெரியவர் தபாலாபீஸ்கிட்ட இறங்கணும். கொஞ்சம் பார்த்து இறக்கி விட்டுடுங்க," என்றார். நாற்பது வருஷமாக அந்த வழியில் போய் வருகிற மூக்கர் சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.